கோலொகேஷன்: ராத்திரி ரெண்டு மணிக்கு யார் போவா?

போன வாரம் மாமாகிட்ட இருந்து போன். "மாப்ள, அந்த டேட்டா சென்டர்காரங்க மெயில் போட்டிருக்காங்க. மூணு வருஷ ஒப்பந்தம் முடியுதாம், புதுப்பிக்கணுமாம். என்ன பண்ணலாம்?"

"நீங்க என்ன நினைக்கறீங்க மாமா?"ன்னேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "போன தடவை உன்னைக் கேட்டுதான் செஞ்சேன். இந்தத் தடவை நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னார். திட்டவெல்லாம் இல்லை மக்களே, சாதாரணமாத்தான் சொன்னார். ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த யோசனைதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம், புரியற மாதிரியே எழுதறேன். சொந்தமா தொழில் பண்றவங்க கண்டிப்பா படிங்க.

மாமாவுக்கு ஒரு சின்ன கம்பெனி, மொத்தம் 11 பேர். சின்ன ஊர்கள்ல இருக்கற ஸ்கேன் சென்டர்கள் எடுக்கற சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை வாங்கி சேமிச்சு, வேற ஊர்ல இருக்கற ரேடியாலஜி டாக்டருக்கு அனுப்பறதுதான் வேலை. அந்த ஊர்ல ராத்திரி டாக்டர் இருக்கமாட்டார். இவங்க அனுப்பற படத்தைப் பாத்து இன்னொரு ஊர்ல இருந்து டாக்டர் ரிப்போர்ட் எழுதுவார். ஒரு ஆளோட சி.டி. ஸ்கேன் சில நூறு எம்.பி. இருக்கும். அப்படி வருஷக்கணக்கா சேந்து 2022-ல 60 டி.பி. ஆகியிருந்தது. எல்லாம் கிளவுட்ல. மாசாமாசம் பில் சுமார் 3 லட்சம் ரூபாய்.

"குறைக்க வழி இருக்கா மாப்ள?"ன்னு அப்ப கேட்டார். நான்தான் பெரிய மேதாவி மாதிரி "கோலொகேஷன் போயிடலாம் மாமா"ன்னேன்.

கோலொகேஷன்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: கிளவுட்ங்கறது கால் டாக்ஸி. ஏறினா காசு, இறங்கினா விட்டுடலாம். வண்டி கெட்டுப்போனா அவன் தலைவலி. கோலொகேஷன்னா வண்டியை நாமளே சொந்தமா வாங்கி, காசு குடுத்து நல்ல பார்க்கிங்ல விடறது. சர்வர் நம்மளுது. டேட்டா சென்டர்காரங்க இடம், கரண்ட், ஏசி, காவல், நெட்வொர்க் வயர் குடுப்பாங்க. ஜெனரேட்டர், பேட்டரி, தீயணைப்பு எல்லாம் அவங்க பொறுப்பு. ஆனா வாட்ச்மேன் பஞ்சர் ஒட்ட மாட்டார். இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இடத்தை 'யூ' கணக்குல விப்பாங்க. ஒரு யூன்னா 1.75 இன்ச் உயரம். ஒரு முழு ரேக் வழக்கமா 42 யூ. ஆனா நிஜமான விலை இடத்துல இல்லை, கரண்ட்ல இருக்கு. எத்தனை கிலோவாட் இழுக்கலாம்ங்கறதுதான் ஒப்பந்தத்தோட உயிர். ரேக்ல பாதி காலியா இருந்தாலும் கரண்ட் ஒதுக்கீடு தீந்துடுச்சுன்னா இன்னொரு சர்வர் மாட்ட முடியாது. எனக்கே இது கோட்டேஷன் வாங்கினப்பதான் தெரியும்.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் அப்ப போட்ட எக்ஸெல் கணக்கு இது:

கிளவுட்: மாசம் 3 லட்சம், 36 மாசத்துக்கு 1 கோடியே 8 லட்சம்.

கோலொகேஷன்: ரெண்டு சர்வர், ஸ்விட்ச், ஃபயர்வால் எல்லாம் சேத்து 14 லட்சம். வாடகை மாசம் 45,000, 36 மாசத்துக்கு 16 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 30 லட்சத்து 20 ஆயிரம்.

மிச்சம் கிட்டத்தட்ட 78 லட்சம்! மாமா எக்ஸெல்லைப் பாத்துட்டு என்னைப் பாத்தார். அத்தை ஃபில்டர் காபியோட முறுக்கும் சேத்துக் கொண்டு வந்து வெச்சாங்க. இன்ஜினியரிங் டிகிரி வாங்கினதுக்கு ஒரு பிரயோஜனம் கிடைச்சது அன்னிக்குத்தான் :-)

2023 பிப்ரவரியில சர்வரைக் கொண்டுபோய் மாட்டினோம். நானும் மாமா ஆபீஸ் பையன் ஒருத்தனும்தான். இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லணும். நல்ல சர்வர்ல ரெண்டு பவர் சப்ளை இருக்கும். ரேக்லயும் ரெண்டு பவர் ஸ்ட்ரிப் இருக்கும். ஒண்ணு ஏ லைன், இன்னொண்ணு பி லைன். சர்வரோட ஒரு வயரை ஏ-லயும் இன்னொரு வயரை பி-லயும் குத்தணும். ஒரு லைன் போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். அதுக்குத்தான் காசே வாங்கறாங்க.

நாங்க கொண்டுபோன கேபிள் பி பக்கத்துக்கு எட்டலை. ஒரு அரை மீட்டர் பத்தலை. மணி அப்பவே ராத்திரி 9. "இப்போதைக்கு எல்லாத்தையும் ஏ-லயே குத்திடு, அடுத்த தடவை வரப்ப நீளமான கேபிள் எடுத்துட்டு வந்து மாத்திக்கலாம்"னு நான்தான் சொன்னேன். கேபிள் விலை 300 ரூபாய். அந்த 'அடுத்த தடவை' வரவே இல்லை. பத்து மாசம் எல்லாம் சூப்பரா ஓடிச்சு. மாமா போற இடத்துல எல்லாம் என் பெருமை பாடினார்.

2023 டிசம்பர் 4, திங்கக்கிழமை. மிக்ஜாம் புயல். சென்னைக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம். அதிகாலை 2 மணி 10 நிமிஷத்துக்கு என் போன்ல அலர்ட்: ரெண்டு சர்வரும் காலி.

எனக்கு முதல்ல தோணினது, டேட்டா சென்டர்ல தண்ணி பூந்துடுச்சுன்னுதான். போன் பண்ணினா, டியூட்டில இருந்தவர் ரொம்ப நிதானமா, "சார், எங்ககிட்ட எல்லாம் நார்மல். ஏ லைன், பி லைன் ரெண்டுலயும் சப்ளை இருக்கு"ன்னார். உண்மைதான். அந்தப் புயல் முழுக்க அந்தக் கட்டடத்துல ஒரு நொடிகூட கரண்ட் போகலை. நடந்தது என்னன்னா, எங்க சர்வர்ல ஒரு பவர் சப்ளை உள்ளயே ஷார்ட் ஆகி, ரேக்ல ஏ ஸ்ட்ரிப்போட பிரேக்கரை ட்ரிப் பண்ணிடுச்சு. மத்த எல்லா வயரும் அதே ஸ்ட்ரிப்லதானே இருந்தது! மொத்தமும் அணைஞ்சுடுச்சு. பக்கத்துலயே ஒரு சாண் தூரத்துல பி ஸ்ட்ரிப் ஜம்முனு கரண்டோட நின்னுட்டிருக்கு.

"அண்ணே, நீங்களே கொஞ்சம் வயரை மாத்திக் குத்திடுங்களேன்"னு கெஞ்சினேன். "சார், உங்க பேர் லிஸ்ட்ல இல்லை. அங்கீகாரம் இருக்கறவர்தான் சொல்லணும்"னு சொல்லிட்டார். லிஸ்ட்ல இருந்த பேர் ரெண்டு. ஒண்ணு, என்கூட மாட்ட வந்த அந்தப் பையன். அவன் ஜூலையிலயே வேலையை விட்டுப் போயிட்டான். இன்னொண்ணு மாமா. அவர் வீடு முடிச்சூர்ல. வீட்டுக்குள்ள தண்ணி, கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் ஸ்விட்ச் ஆஃப்.

அந்த டியூட்டி ஆள் மேல எனக்கு இப்பவும் கோவம் இல்லை. எவனோ ஒருத்தன் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணி ஆஸ்பத்திரிப் படம் இருக்கற சர்வரைத் தொடச் சொன்னா அவர் தொடக்கூடாது. அவர் செஞ்சதுதான் சரி. தப்பு முழுக்க எங்களுது. அதுலயும் பெரும்பகுதி என்னுது.

நான் இருந்தது வேளச்சேரி. தெருவுல இடுப்பளவு தண்ணி. சாயங்காலம் வரைக்கும் மூணு தடவை கிளம்பிப் பாத்தேன். மெயின் ரோட்டைத் தாண்ட முடியலை.

திங்கக்கிழமை ராத்திரி, டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர் ஸ்கேன் சென்டர்ல ஒரு பெரியவருக்குப் பக்கவாதம்னு சந்தேகப்பட்டு தலை ஸ்கேன் எடுத்திருக்காங்க. இது அப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். மூளையில ரத்தக்கசிவா இல்லை அடைப்பான்னு ஸ்கேன் பாத்துதான் வைத்தியமே ஆரம்பிக்கணும். அடைப்புன்னா, கட்டியைக் கரைக்கற ஊசியை வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். படம் போக வழியில்லை. அங்க இருந்த டெக்னீஷியன் மானிட்டரையே செல்போன்ல ஒவ்வொரு படமா போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸாப்ல அனுப்பியிருக்கார். டாக்டர் அதை வெச்சே சொல்லி, ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. பெரியவர் பிழைச்சுட்டார். அந்த டெக்னீஷியனோட சமயோசிதம் அது. எங்க சர்வருக்கு அதுல ஒரு பங்கும் இல்லை.

செவ்வாக்கிழமை காலையில மாமா ஒரு மொட்டை மாடியில ஏறி நின்னு சிக்னல் பிடிச்சார். டேட்டா சென்டருக்குப் போன் பண்ணி ரகசிய எண்ணைச் சொன்னார். அவங்க ஆள் போய், கெட்டுப்போன சப்ளையைக் கழட்டி, மத்த வயரையெல்லாம் பி பக்கம் மாத்திக் குத்தினார். அவர்கிட்ட நீளமான கேபிள் இருந்ததாம். 6 நிமிஷ வேலை. நாங்க படுத்திருந்தது 31 மணி நேரம். பில் குறைஞ்சபட்சம் ஒரு மணி நேரத்துக்கு, 1,500 ரூபாய்.

இப்ப என் கருத்துக்கு வரேன். ஊர்ல எல்லாரும் கோலொகேஷனா கிளவுடான்னு விலையை வெச்சே சண்டை போடறாங்க. நானும் அதைத்தான் செஞ்சேன். விலை ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ராத்திரி ரெண்டு மணிக்கு யார் போவா? அந்த ஆளுக்குப் பேர், போன் நம்பர், சம்பளம், அவர் இல்லைன்னா இன்னொரு ஆள், இவ்வளவும் கணக்குல வந்த பிறகுதான் விலையைப் பத்தியே பேசணும்.

டேட்டா சென்டரோட எஸ்.எல்.ஏ.வை எடுத்துப் படிச்சுப் பாருங்க. கரண்ட், குளிர்ச்சி, நெட்வொர்க் போர்ட், இதுக்குத்தான் உத்தரவாதம். கரண்ட்லயும் ஏ, பி ரெண்டும் ஒரே நேரத்துல போனாத்தான் நஷ்ட ஈடு. அந்த நஷ்ட ஈடும் வாடகையில ஒரு பங்குதான். நம்ம தொழில்ல போன காசோ பேரோ திரும்ப வராது. 99.9-க்கு அப்புறம் எத்தனை ஒன்பது போட்டிருந்தாலும் அது அவங்க கட்டடத்துக்கான ஒன்பது. நம்ம சர்வருக்கு நாமதான் ஒன்பது போட்டுக்கணும்.

மிக்ஜாமுக்கு அப்புறம் அதே எக்ஸெல்லை ஒழுங்கா திரும்பப் போட்டேன். முதல் கணக்கான 30.2 லட்சத்துக்கு மேல:

- வேற ஊர்ல ஒரு பேக்கப் சர்வர்: 8 லட்சம்
- அதுக்கு வாடகை மாசம் 15,000: மூணு வருஷத்துக்கு 5.4 லட்சம்
- ஸ்பேர் டிஸ்க், பவர் சப்ளை, ஏ.எம்.சி.: 3 லட்சம்
- பகுதி நேரமா ஒரு சிஸ்டம் அட்மின், மாசம் 35,000: 12.6 லட்சம்

மொத்தம் 59.2 லட்சம். மிச்சம் 78 இல்லை, 48.8 லட்சம். அதாவது நான் மாமாவுக்குக் காட்டின சேமிப்புல 29 லட்சம் சேமிப்பே இல்லை. செலவு பண்ணாம விட்ட காவல் காசு.

ஆனா இன்னொண்ணையும் பாருங்க. எல்லாத்தையும் சேத்த பிறகும் கோலொகேஷன்தான் ஜெயிக்குது! அதனால "கோலொகேஷன் மோசம், போகாதீங்க"ன்னு நான் சொல்லவரலை. 78 லட்சம் மிச்சம்னு சொல்ற கோலொகேஷன் சூதாட்டம். 49 லட்சம் மிச்சம்னு சொல்றது தொழில். இந்த ரெண்டாவது கணக்குல ஜெயிச்சா மட்டும் போங்க.

பெரிய கம்பெனிக் கதை எல்லாரும் சொல்லுவாங்க. டிராப்பாக்ஸ் 2015, 2016 வாக்குல அமேசானை விட்டுப் பெரும்பாலான சேமிப்பைச் சொந்த ஏற்பாட்டுக்கு மாத்தி, ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 7 கோடியே 46 லட்சம் டாலர் செலவு குறைஞ்சதா 2018-ல பங்குச்சந்தைக்குப் போனப்ப சொன்னாங்க. பேஸ்கேம்ப் நடத்தற 37சிக்னல்ஸ், 2022-ல 32 லட்சம் டாலர் கிளவுட் பில் கட்டிட்டு, 2023-ல சொந்த சர்வருக்கு மாறினாங்க. அவங்க டேவிட் ஹைன்மையர் ஹான்சன் இதைப் பத்தி நிறையவே எழுதியிருக்கார். நானும் அதைப் படிச்சுட்டுத்தான் ஆடினேன். ஆனா ஒரு பத்தியைத் தாண்டிப் போயிட்டேன். அவங்களுக்கு ஏற்கெனவே அனுபவமான ஆபரேஷன்ஸ் டீம் இருந்தது. சர்வரைப் பிரிச்சு மாட்டற வேலையை டேட்டா சென்டர் பக்கமே காசு குடுத்து ஆள் வெச்சு செஞ்சாங்க. எங்களுக்கு இருந்தது ஜூலையில வேலையை விட்ட ஒரு பையன்.

எதிர்ப்பக்கக் கதையும் இருக்கு. வருஷக்கணக்கா சொந்த சர்வர்ல ஓடி, அதுக்கே பேர் வாங்கின ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2025-ல நியூ ஜெர்சியில இருந்த சர்வர்களைக் கழட்டிட்டு கிளவுடுக்குப் போயிட்டாங்க. ஆக, ஊர்ல பெரியவங்க என்ன பண்றாங்கன்னு பாத்து முடிவெடுக்க முடியாது.

யாருக்கு ஒத்துவரும்? நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்:

1. லோடு ஒரே சீரா இருக்கணும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் மட்டும் பத்து மடங்கு ஏறி, மத்த நாள்ல தூங்கற தொழில்னா கிளவுடே நல்லது. உச்சத்துக்கு சர்வர் வாங்கினா பத்து மாசம் சும்மா ஓடும்.

2. டேட்டா நிறைய வெளிய போகணும். கிளவுட்ல உள்ள வர்றது இலவசம், வெளிய போறதுக்குத்தான் துட்டு. மொத்தமா காலி பண்ணிட்டுப் போறவங்களுக்கு மட்டும் அந்தக் கட்டணம் வேணாம்னு 2024-ல கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூணு பேரும் அறிவிச்சாங்க. தினசரி போக்குவரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மாமா மாதிரி பெரிய பெரிய படமா அனுப்பற தொழிலுக்கு இதுல நல்ல லாபம்.

3. முதல் போட்டு மூணு வருஷம் காத்திருக்கத் தெம்பு வேணும். ஒன்றரை வருஷத்துல தொழில் இருக்குமான்னே தெரியாத ஸ்டார்ட்டப் தம்பிகளே, இந்தப் பக்கம் வராதீங்க.

4. ரெண்டாவது நகல் வேற ஊர்ல இருக்கணும். 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஎச் நிறுவனத்தோட ஒரு டேட்டா சென்டர் கட்டடம் முழுசா எரிஞ்சு போச்சு. பேக்கப் இல்லாதவங்களோட டேட்டா போனது போனதுதான். கிளவுட்லயும் பேக்கப் நம்ம பொறுப்புதான், ஆனா அங்க நாலு க்ளிக்ல முடியும். இங்க இன்னொரு சர்வரே வாங்கணும்.

5. லிஸ்ட்ல ரெண்டு பேராவது இருக்கணும், அவங்க வேற வேற ஏரியாவுல குடியிருக்கணும். யாராவது வேலையை விட்டா அன்னிக்கே பேரை மாத்தணும். சிரிக்காதீங்க, எங்களுக்கு 31 மணி நேரம் போனது இதாலதான்.

மாசம் கிளவுட் பில் 50,000-க்குக் கீழ இருக்கா? இந்த ஆராய்ச்சியே வேணாம். உங்க ஆள் செலவே அதைத் தின்னுடும். நடுவுல ஒரு வழியும் இருக்கு. டெடிகேட்டட் சர்வர்னு மெஷினையே வாடகைக்கு எடுக்கலாம். டிஸ்க் போனா அவங்களே மாத்துவாங்க. கிளவுடை விட மலிவு, கோலொகேஷனை விட நிம்மதி. கெத்து கம்மிங்கறதால யாரும் இதைப் பத்திப் பேசறதில்லை. நிறைய பேருக்கு சரியான விடை இதுதான்னு நான் நினைக்கறேன்.

மாமாவுக்கு என்ன சொன்னேன்? புதுப்பிங்கன்னுதான் சொன்னேன். ஆனா இந்தத் தடவை இன்னும் ரெண்டு வரி சேத்தேன். சர்வரோட மூணு வருஷ வாரண்டியும் இதே மாசம்தான் முடியுது. டிஸ்க்கெல்லாம் ஒரே வயசு, அடுத்தடுத்துப் படுக்கும். 2025 கடைசியில இருந்து ராம் விலை வேற எகிறிடுச்சு. அதனால பழைய விலையை நம்பாம புதுசா கோட்டேஷன் வாங்கணும். ரெண்டாவது, பகுதி நேர அட்மினை நிறுத்தறதா இருந்தா கோலொகேஷனையும் சேத்து நிறுத்திடணும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு கிடையாது.

மாமா எல்லாத்தையும் கேட்டுட்டு, "லிஸ்ட்ல உன் பேரையும் போடச் சொல்லவா?"ன்னார்.

நான் அவர் கம்பெனி ஆள் இல்லை, என் ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணியே ஏகப்பட்டது இருக்கு. ஆனாலும் சரின்னுட்டேன். இப்ப என் பைக் பெட்டியில ரெண்டு மீட்டர் பவர் கேபிள் நாலு கிடக்கு.

டிஸ்கி: மேல இருக்கற லட்சக் கணக்கெல்லாம் எங்க கோட்டேஷன்ல வந்தது. உங்க ஊர், உங்க கரண்ட் தேவைக்கு வேற மாதிரி வரும். அப்படியே காப்பி பண்ணிட்டு வந்து என்னைத் திட்டாதீங்க. சர்வரைக் கொண்டுபோய் வெச்சுக் கையைச் சுட்டுக்கிட்டவங்க, சுட்டுக்காம தப்பிச்சவங்க ரெண்டு பேரும் பின்னூட்டத்துல உங்க கதையைச் சொல்லுங்க.